மாசி 1035 டிராக்டர்: பிக் எண்ட் பேரிங் மட்டும் மாத்தினா போதுமா, கிராங்க் கிரைண்டிங் போடணுமா?

வயல்வழி:
வணக்கம். வண்டி பழைய மாசி ஃபெர்குசன் 1035 டிராக்டர், மூணு சிலிண்டர் சிம்ப்சன் எஞ்சின். கடைசியா எஞ்சின் பிரிச்சு 6,000 மணிக்கு மேல ஓடிடுச்சு. காலையில ஸ்டார்ட் பண்ணினா ஆயில் பிரஷர் 50 பி.எஸ்.ஐ. காட்டுது. கேஜ்வீல் (சேத்துக்கான இரும்புச் சக்கரம்) போட்டு ஒரு மணி நேரம் சேறடிச்சதும் ஐடிலிங்ல முள் அடியோட படுத்துடுது, ரேஸ் கொடுத்தாலும் 15-ஐ தாண்டல. பாதி ரேஸ்ல வெச்சுட்டு சட்டுனு குறைச்சா அடியிலிருந்து கனமா டொக் டொக்னு சத்தம். ரெண்டாவது இன்ஜெக்டர் பைப் நட்டை லூஸ் பண்ணினா சத்தம் பாதியாக் குறையுது. சம்ப்பை (எஞ்சின் அடியில இருக்கிற ஆயில் தொட்டி) இறக்கி அடியிலிருந்தே பிக் எண்ட் பேரிங் (பிஸ்டன் ராடு கிராங்கைப் பிடிக்கிற இடத்துப் பேரிங்) செட் மட்டும் மாத்திடலாம்னு நினைக்கிறேன். மேட்டூர்ல தண்ணி திறக்கிறதுக்குள்ள வண்டி வயல்ல இறங்கணும். சரியா வருமா?

பட்டறை_குடந்தை:
நீங்க சொல்ற அடையாளம் பிக் எண்ட்தான் தம்பி. ஆனா பேரிங்கை வாங்கிட்டு வந்து சம்ப்பை இறக்காதீங்க. முதல்ல மெக்கானிக்கல் கேஜ் ஒண்ணை பிளாக்ல நேரா மாட்டி பிரஷரை உறுதி பண்ணுங்க.

இந்த வண்டியில சம்ப் தகரம் இல்ல, வார்ப்பிரும்பு. வண்டியோட பாரத்தையும் தாங்குற உடம்பு அது. முன் அச்சுத் தாங்கியைப் பிரிச்சு முன்னால தள்ளணும். அதுக்கு முன்னாடி கியர்பாக்ஸ் பக்கமும் எஞ்சின் அடியிலயும் தனித்தனியா கட்டை கொடுத்து நிறுத்தணும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருத்தரும் அடியில படுக்கக் கூடாது.

பிஸ்டன் ராடுலயும் அதோட அடி மூடியான கேப்லயும் நம்பர் இருக்கும், ஒரே பக்கம் பார்த்து நிக்கணும். நம்பர் இல்லேன்னா சென்டர் பஞ்ச்ல புள்ளி வெச்சுட்டுக் கழட்டுங்க. கேப்பை ஒண்ணுக்கு ஒண்ணு மாத்திப் போட்டா துளை வட்டமா இருக்காது, எந்தப் பேரிங் போட்டாலும் நிக்காது. ராடை மேல தள்ளும்போது போல்ட் திரெட் கிராங்க் பின்னை (ராடு பிடிக்கிற கழுத்து) கீறாம இருக்க பழைய டீசல் ரப்பர் ஹோஸ் துண்டை போல்ட் மேல சொருகிக்கோங்க.

கழட்டின ஷெல்லோட (பேரிங்கோட பாதி வளையம்) முதுகைத் துடைச்சுப் படிங்க. ஸ்டாண்டர்டா, 010-ஆ, 020-ஆன்னு குத்தியிருக்கும் (010-ன்னா பின்னை பத்து தவ் சின்னதாக்கினது; ஒரு தவ்னா இஞ்சுல ஆயிரத்துல ஒரு பங்கு). கிராங்க் ஏற்கெனவே கிரைண்டிங் ஆகி (பின்னைத் தேய்ச்சு சின்னதாக்கி) இருக்கானு அது சொல்லிடும். கடையில கேட்காம ஸ்டாண்டர்டு செட் வாங்கினா பணம் வீண். அப்புறம் முகத்தைப் பாருங்க. சாம்பல் நிற மேல்பூச்சு ஒரே சீரா மங்கியிருந்தா சாதாரணத் தேய்மானம். நடுவுல செம்பு நிறம் தெரிஞ்சா பூச்சு போயிடுச்சு. சுத்து வாக்குல கோடு கோடாக் கீறல் இருந்தா ஆயில்ல மண். கறுத்து உருகி ஓரத்துல வழிஞ்சிருந்தா ஆயில் வராம ஓடியிருக்கு.

மைக்ரோமீட்டர்:
மேல சொன்னதோட, பின்னை அளக்காம ஷெல் போடவே கூடாது. ஒவ்வொரு பின்னையும் ரெண்டு இடத்துல, ஒவ்வொரு இடத்துலயும் 90 டிகிரி திருப்பி, ஆக நாலு அளவு எடுங்க. ஓவல் (90 டிகிரி திருப்பின ரெண்டு அளவுக்குள்ள வித்தியாசம்) ஒண்ணரை தவ்வுக்கு மேல போனா புது ஷெல் சில நூறு மணியில மறுபடி அடிக்கும். நகத்தை குறுக்கா ஓட்டிப் பாருங்க; கீறல்ல நகம் மாட்டினா, எண்ணெய்ப் படலம் அங்க அறுந்துடும்னு அர்த்தம்.

கிளியரன்ஸுக்கு (பின்னுக்கும் ஷெல்லுக்கும் நடுவுல இடைவெளி) பட்டறைக் கணக்கு: பின் விட்டம் இஞ்சுக்கு ஒரு தவ். ரெண்டே கால் இஞ்ச் பின்னுக்கு ரெண்டு, ரெண்டரை தவ். மேனுவல் அளவு கையில இருந்தா அதுதான் இறுதி. பிளாஸ்டிகேஜ் (நசுங்கின அகலத்தை வெச்சு இடைவெளியைக் காட்டுற மெல்லிய இழை) பச்சை இழை 1 முதல் 3 தவ் வரை காட்டும், சிவப்பு 2 முதல் 6 வரை. ஆயிலை சுத்தமாத் துடைச்சு, இழையை பின் மேல நீளவாக்குல வெச்சு, டார்க் ரென்ச்ல முழு டைட்டும் கொடுத்து, கிராங்கைத் திருப்பாம கழட்டுங்க. மெயின் பேரிங்கை (கிராங்கை பிளாக்ல தாங்குற பேரிங்) வண்டி அடியிலிருந்து அப்படி அளந்தா கிராங்க் தன் பாரத்துல கீழ தொங்கிப் பொய் அளவு காட்டும். பக்கத்து கேப் பக்கம் கிராங்கைச் சின்ன ஜாக்கியால மேல தூக்கிப் பிடிச்சுட்டு அளக்கணும்.

ஷெல் லூசா இருக்குன்னு முதுகுப் பக்கம் சிகரெட் அட்டை வைக்கிறது, கேப்பை ராவுறது, ரெண்டும் எஞ்சினைக் கொல்ற வேலை. ஷெல்லோட ஓரம் கேப் முகத்தைவிட மயிரிழை தூக்கி நிக்கணும். டைட் பண்ணும்போது அந்த அழுத்தம்தான் ஷெல்லைச் சுத்த விடாமப் பிடிக்குது, சூட்டையும் கேப்புக்குக் கடத்துது. ஷெல் ஓரத்துல இருக்கிற நாக்கு மட்டும் பிடிக்கும்னு நினைக்காதீங்க, அது உட்கார இடம் காட்ட மட்டும்தான்.

வயல்வழி:
நன்றி அண்ணே. கழட்டிப் பார்த்தாச்சு. ஷெல் முதுகுல 010. முதல், மூணாவது பின் ஓவல் ஒரு தவ்வுக்குள்ள. ரெண்டாவது பின் 3 தவ் ஓவல், நகம் மாட்டுது, ஷெல்லுல செம்பு தெரியுது. மெயின் பின் நாலும் அரை தவ்வுக்குள்ள, கீறல் இல்ல. ரெண்டாவது பின்னை மட்டும் கிரைண்டிங் போட்டா போதுமா?

மைக்ரோமீட்டர்:
போதாது. கிராங்க் வெளிய வரணும். பிக் எண்ட் ஷெல் செட்டா வருது, அதனால மூணு பின்னையும் 020-க்கு எறக்கிடுங்க. மெயினைத் தொட வேண்டாம், இப்ப இருக்கிற சைஸ்லயே புது ஷெல் போதும். அதுவும் முதுகைப் படிச்சுட்டு வாங்குங்க.

கிரைண்டிங் கடையில மூணு விஷயம் சொல்லிட்டு வாங்க. பின் ஓரத்துல இருக்கிற வளைவு அப்படியே வரணும். கூர் மூலையா விட்டா பாரத்துல கிராங்க் அங்கதான் உடையும், வளைவு அதிகமாப் போனா ஷெல் ஓரம் ஏறி நிக்கும். ஆயில் துளை வாயை மழுக்கி எடுக்கணும். கிரைண்டிங்குக்கு முன்னாடி வெடிப்பு இருக்கான்னு மேக்னடிக் டெஸ்ட் பண்ணணும். வீட்டுக்கு வந்ததும் துளை ஒவ்வொண்ணையும் டீசல் ஊத்தி, கம்பி பிரஷ் விட்டு, காத்து அடிச்சுக் கழுவுங்க. உள்ள தங்குற கிரைண்டிங் பொடி புது ஷெல்லைக் கொஞ்ச நேரத்துலயே கீறிடும்.

டீசல்பம்ப்:
ரெண்டாவது பின் ஏன் தனியா போச்சுன்னு பார்க்காம மூடாதீங்க. டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்க, டீசல் வாசனை அடிச்சாலோ ஆயில் மட்டம் தானா ஏறியிருந்தாலோ ஆயில் நீர்த்துப் போயிருக்கு. சொட்டுற இன்ஜெக்டர் ஒரு காரணம். டயாஃப்ரம் ஃபீட் பம்ப் இருக்கிற வண்டின்னா டயாஃப்ரம் கிழிஞ்சு நேரா சம்ப்புக்கே இறங்கும். ஆயில் பம்ப் ரோட்டர் தேய்மானம், ரிலீஃப் வால்வு (அதிகப்படி ஆயில் பிரஷரைத் திருப்பி விடுற வால்வு) ஸ்பிரிங், சம்ப் ஜல்லடை மூணையும் இப்பவே பாருங்க, மறுபடி பிரிக்கிற வேலை வராது. கிராங்க் வெளிய வந்தா த்ரஸ்ட் வாஷர் (கிராங்க் முன்னும் பின்னும் நகராமத் தடுக்கிற வளையம்), பின்பக்க ஆயில் சீல் கட்டாயம் புதுசு. கிளட்ச் பெடல்ல கால் வெச்சே ஓட்டுற பழக்கம் த்ரஸ்ட் வாஷரைத் தின்னும்.

பட்டறை_குடந்தை:
மாட்டும்போது: ஷெல் முதுகும் அது உட்கார்ற இடமும் எண்ணெய் இல்லாம உலர்ந்திருக்கணும், முகத்துல மட்டும் ஆயில். துளை உள்ள மெயின் ஷெல் பிளாக் பக்கம். மாத்திப் போட்டா அந்தப் பின்னுக்கு ஆயிலே வராது. ராடு போல்ட்டும் நட்டும் புதுசு. மூணு தடவையா டைட் ஏத்துங்க, ஒவ்வொரு கேப் டைட் பண்ணினதும் கிராங்கைக் கையால சுத்திப் பாருங்க. எந்த கேப்ல சட்டுனு இறுகுதோ கோளாறு அங்கதான், அப்பவே கழட்டுங்க. டைமிங் கியர் புள்ளியை ரெண்டு பேர் பார்த்துட்டு மூடுங்க.

முதல் ஸ்டார்ட்டுக்கு ஃபில்டர்ல ஆயில் நிரப்பி, ஸ்டாப் கம்பியை இழுத்துப் பிடிச்சுட்டு 15 நொடி செல்ஃப் அடிங்க, நிறுத்துங்க, மறுபடி அடிங்க. முள் அசைஞ்ச பிறகுதான் டீசல் விடணும். முதல் 25 மணி டிரெய்லர், லேசான கலப்பை வேலை மட்டும், ஒரே ரேஸ்ல நிறுத்தி வைக்காதீங்க. அப்புறம் ஆயிலும் ஃபில்டரும் மாத்துங்க, வடிச்ச ஆயிலை வெள்ளைத் துணியில ஊத்திப் பாருங்க. மினுமினுன்னு துகள் இல்லேன்னா கேஜ்வீலை மாட்டுங்க.