கீமோ நடக்கும்போது நித்தியகல்யாணிக் கஷாயம் குடிக்கலாமா?

மதுரைச் செல்வி:
என் மாமியாருக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ போகிறது. சர்க்கரைக்கும் மாத்திரை எடுக்கிறார். எதிர்வீட்டு அக்கா காலையில் நித்தியகல்யாணி இலையும் பூவும் கொதிக்க வைத்து ஒரு டம்ளர் கொண்டுவந்து விடுகிறார். "ஆஸ்பத்திரியில ஏத்துற மருந்தே இந்தச் செடியில எடுக்கிறதுதான், செடியையே குடிச்சா முடி கொட்டாது" என்கிறார். அத்தையும் நம்பிவிட்டார். என்ன பதில் சொல்ல?

வார்டு பார்மசிஸ்ட்:
பாதி உண்மை, அதுதான் தொல்லையே. வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற இரண்டு கீமோ மருந்துகளும் இந்தச் செடியில் கிடைத்தவைதான். ஜமைக்காவில் சர்க்கரைக்கு இந்த இலையைக் குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் ஆராய்ந்தார்கள். வாய்வழி கொடுத்த எலிகளுக்குச் சர்க்கரை இறங்கவில்லை. ஊசியாகப் போட்ட எலிகளோ வெள்ளையணு குறைந்து, தொற்று வந்து செத்தன. வெள்ளையணுவை இப்படி விழவைப்பது ரத்தப் புற்றுநோய்க்கு உதவுமே என்ற யோசனையில்தான் மருந்து பிறந்தது.

இப்போது அந்த டம்ளருக்கு வருவோம். ஒரு கிராம் மருந்து பிரிக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். கஷாயத்தில் எவ்வளவு இறங்கியது என்று அந்த அக்காவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நாங்கள் வின்கிரிஸ்டினைப் பெரியவர்களுக்கே வழக்கமாக ஒரு வேளைக்கு 2 மில்லிகிராம் தாண்ட விடுவதில்லை. ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் சதை புண்ணாகிவிடும். தவறிப்போய் முதுகுத்தண்டு நீரில் ஏற்றி ஆட்கள் இறந்திருக்கிறார்கள். அதோடு, அது முக்கியமாக ரத்தப் புற்றுநோய்க்கும் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கும் கொடுக்கும் மருந்து, மார்பகப் புற்றுநோய்க்கு வழக்கமாகக் கொடுப்பதில்லை. முடி கொட்டாது என்றாரே, வின்கிரிஸ்டினுக்கும் முடி கொட்டும்!

செடியில் ஆல்கலாய்டு என்ற வீரியமான வேதிப்பொருட்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. புற்றைக் கரைக்கும் அளவு கஷாயத்தில் வராது. வயிற்றைக் கெடுக்க, பிரஷரை இறக்க, கீமோவோடு மல்லுக்கட்ட வாய்ப்பு உண்டு. உடனே நிறுத்துங்கள்.

தேரிக்காட்டான்:
நாங்கள் மானாவாரியில் இதைத்தான் போடுகிறோம். தண்ணி அதிகம் கேட்காது, ஆடு மாடு வாய் வைக்காது, வேலிச் செலவு மிச்சம். இலை தனி, வேர் தனியாகக் காயவைத்து வியாபாரியிடம் போடுவோம். வருஷக்கணக்கா கையில் புழங்கியும் எங்கள் வீட்டில் ஒரு வாய் குடித்ததில்லை. ஆடே ஒதுக்குவதை அத்தைக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

மதுரைச் செல்வி:
ரொம்ப நன்றி அண்ணா, இரண்டு பேருக்கும். அத்தை ஏற்கெனவே கொஞ்ச நாளாகக் குடித்துவிட்டார். டாக்டரிடம் சொன்னால் திட்டுவார், வாயைத் திறக்காதே என்கிறார்.

வார்டு பார்மசிஸ்ட்:
திட்டினால் திட்டட்டும், சொல்லியே ஆகணும். ஒவ்வொரு கீமோவுக்கு முன்னாலும் ரத்தம் எடுப்பது வெள்ளையணு எண்ணிக்கை பார்க்கத்தான். அது குறைந்திருந்தால், கஷாயம் குடித்தது தெரியாத டாக்டர் கீமோவைத்தான் சந்தேகப்படுவார். தேதியைத் தள்ளுவார், அல்லது டோஸைக் குறைப்பார். வேலை செய்கிற மருந்து அத்தைக்குக் குறைவாகப் போகும், அதுதான் எனக்குப் பெரிய பயம். எந்தச் செடி, எத்தனை நாள் என்று சீட்டில் எழுதி நர்ஸிடம் கொடுத்தாலும் போதும். இடையில் காய்ச்சல் வந்தால் வீட்டில் பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், ராத்திரியானாலும் சரி.