பாவித்த வள்ளம் வாங்கும்போது ஆசை சோதனையைக் கெடுக்காமல் பார்ப்பது எப்படி?

உப்புவெளிக் கரை

மைத்துனரும் நானும் சேர்ந்து பாவித்த பைபர் வள்ளம் ஒன்றும் 40 குதிரைவலு எஞ்சினும் மீன்பிடிக்கு வாங்கப் போகிறோம். வாடை ஓய்ந்து கடல் அமரும்போது கையில் இருக்க வேணும். வீட்டில் எல்லாருக்கும் இதே நினைப்பு. இப்படி எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்து நின்றால் பார்க்கிற வள்ளமெல்லாம் நல்ல வள்ளமாகத்தான் தெரியும். "நடுநிலையாகப் பாருங்கோ" என்ற பொதுப் புத்திமதி வேண்டாம். எதை எந்த ஒழுங்கில் செய்தால் ஆசை கணக்குக்குள் புகாது? மனம் வேலை செய்யும் விதம் தெரிந்தவர்களும் எஞ்சின் தெரிந்தவர்களும் சொல்லுங்கோ.

ஓர்ஸ்ஹில் வாசகர்

நல்ல கேள்வி. விரும்பியதையெல்லாம் மனிதர் நம்பிவிடுவதில்லை என்று உளவியலாளர் சீவா குண்டா 1990இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை தெளிவாகக் காட்டுகிறது. பக்கத்தில் நிற்பவரும் ஏற்கக்கூடிய காரணம் ஒன்று நமக்குத் தேவைப்படுகிறது. அந்தக் காரணத்தைத் தேடும்போதுதான் ஆசை உள்ளே வருகிறது: எதை நினைவுக்குக் கொண்டுவருவது, எந்த அளவுகோலை எடுப்பது, முக்கியமாக, எப்போது தேடலை நிறுத்துவது.

1992இல் டிற்றோவும் லோப்பெசும் செய்த சோதனையைப் பாருங்கள். உமிழ்நீரில் தோய்க்கும் மஞ்சள் தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். அது நிறமே மாறாத வெறும் தாள். நிறம் மாறாவிட்டால் நல்ல செய்தி என்று சிலருக்கும், கணையக் கோளாறு வரக்கூடிய குறைபாடு என்று மற்றவர்களுக்கும் சொல்லப்பட்டது. கெட்ட செய்தி கிடைத்தவர்கள் அதிக நேரம் காத்திருந்தார்கள், தாளைத் திரும்பத் திரும்பத் தோய்த்துப் பார்த்தார்கள். நல்ல செய்தி கிடைத்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு தரம் போதுமாயிருந்தது.

வள்ளத்திலும் இதே கதைதான். எஞ்சின் இரண்டாவது இழுவையில் பிடித்தால் "அருமை" என்று சோதனை முடிந்துவிடும். பிடிக்காவிட்டால் "பெற்றோல் பழசு, கனநாள் நின்றது" என்று இன்னொரு வாய்ப்புக் கொடுப்போம். அதனால் எத்தனை சோதனை, எவ்வளவு நேரம், எந்த விடை வந்தால் திரும்பி வருவது என்பதை வள்ளத்தைக் காணும் முன்பே எழுதிவிடுங்கள். முற்பணம் கொடுத்த பிறகு எழுதும் பட்டியலுக்கு மதிப்பில்லை.

புத்திமதி வேண்டாம் என்று நீங்கள் சொன்னதும் சரியே. லோர்ட், லெப்பர், பிறெஸ்ரன் 1984இல் செய்த ஆய்வில் "பக்கம் சாராமல் பாருங்கள்" என்ற அறிவுறுத்தல் பயன் தரவில்லை. "இதே ஆய்வு எதிர்முடிவைத் தந்திருந்தால் இதை இப்படித்தான் மதிப்பிட்டிருப்பீர்களா?" என்று கேட்கச் சொன்னது பயன் தந்தது. உங்கள் கேள்வி இப்படி இருக்கட்டும்: வாங்கவே விருப்பமில்லாத வள்ளத்தில் இதே வெடிப்பைக் கண்டால் என்ன சொல்லியிருப்போம்?

கொட்டியாரக் குடா

எஞ்சின் பக்கத்தை நான் சொல்கிறேன். போனவுடன் மூடியில் கை வையுங்கோ. சூடாக இருந்தால் யாரோ முதலே ஓடவிட்டிருக்கிறார்கள், குளிர்ந்த எஞ்சின் எப்படிப் பிடிக்கும் என்று தெரியவராது. அன்றைக்குச் சோதனை வேண்டாம், இன்னொரு காலை வாருங்கோ.

ஒரு இரவு அசையாமல் நின்ற எஞ்சினில், கியர்ப் பெட்டியின் அடித் திருகை மெல்லத் தளர்த்துங்கோ. தண்ணீர் பாரமானது, அடியில் தங்கும். முதலில் தண்ணீர்த் துளி வந்தாலோ ஓயில் பால்போல வெளுத்திருந்தாலோ தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல் போயிருக்கிறது. புது ஓயில் மினுமினுத்தால் அதை நல்ல குறி என்று எடுக்காதீங்கோ. நேற்று மாற்றியிருக்கலாம். கடலில் ஓட்டி வந்து, ஆறவிட்டுத் திரும்பப் பார்க்க வேணும்.

கம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், பார்க்கும்போது இரண்டு பிளக்கையும் கழற்றி, வயர்களை ஏர்த் பண்ணி, திறொட்டிலை முழுதாகத் திறந்து, இரண்டு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கையில் இழுங்கோ. ஒன்றுக்கு நாலு, மற்றதுக்கு எட்டு என்று இழுத்தால் குறைந்த பக்கமும் ஏறிக் காட்டும். ஆசைப்பட்டவர் கை அப்படித்தான் இழுக்கும். இரண்டுக்கும் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் விடுங்கோ.

எஞ்சின் பூட்டும் பின்பலகையைச் சின்னச் சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கோ. கணீரென்ற சத்தம் மந்தமாக மாறும் இடத்தில் உள்ளே பலகை ஊறிவிட்டது. கரையில் பீப்பாய்த் தண்ணீரில் ஓடவிடுவது, ஆள் ஏற்றிக் கடலில் ஓடுவதற்கு ஈடாகாது.

கடற்றொழில் திணைக்களப் பதிவில் உள்ள பெயரும் இலக்கமும், விற்பவரின் அடையாள அட்டையோடும் வள்ளத்தில் எழுதியதோடும் ஒத்துப்போக வேணும்.

நிலாவெளி ஆசிரியர்

யாரைக் கூட்டிப் போவது என்பதும் முக்கியம். மைத்துனரும் பங்காளி, அவருடைய கண்ணும் உங்கள் கண்தான். தரகருக்கு விற்றால்தான் காசு. மெக்கானிக் ஒருவரைப் பிடியுங்கள். வாங்கினாலும் விட்டாலும் ஒரே கூலி என்று முதலே பேசி, காசையும் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு வாங்க விருப்பம் என்று அவருக்குத் தெரியவே கூடாது. கேட்பவரின் விருப்பம் தெரிந்தால் அதற்கு ஏற்றபடி பேசுவதும், தெரியாதபோது எல்லாப் பக்கமும் யோசிப்பதும் மனித இயல்பு என்பதை லேர்னரும் டெட்லொக்கும் 1999இல் தொகுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

லிண்டா பாப்கொக்கும் கூட்டாளிகளும் 1995இல் ஒரே விபத்து வழக்கின் தாள்களை, வழக்காளி, எதிராளி என்று பிரித்தவர்களிடம் கொடுத்தார்கள். நீதிபதி எவ்வளவு நட்டஈடு தருவார் என்ற ஊகத்தில் இரு பக்கமும் வெகுதூரம் விலகி நின்றன. வாசித்து முடித்த பிறகுதான் யார் எந்தப் பக்கம் என்று சொன்னபோது அந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கியது. ஆகவே மெக்கானிக் தன் முடிவை எழுதித் தந்த பிறகே அவருக்கு முன்னால் விலை பேசுங்கள்.

ஓர்ஸ்ஹில் வாசகர் ஒரு பக்கத்தைத்தான் சொன்னார். கடனுக்குப் பயப்படுகிற ஒருவர் வீட்டில் இருந்தால் அவர் நல்ல வள்ளத்திலும் பத்துக் குறை காண்பார். அந்தப் பட்டியல் அவரையும் கட்டுப்படுத்த வேணும்: எழுதிய சோதனைகளில் தேறிய வள்ளத்தைப் புதுக் காரணம் சொல்லித் தள்ளக்கூடாது.

உப்புவெளிக் கரை

மிக்க நன்றி, அண்ணாமார். ஒன்று மட்டும்: சின்னக் குறைக்கு விலையைக் குறைத்து வாங்கலாம்தானே?

கொட்டியாரக் குடா

வாங்கலாம் தம்பி. ஆனால் எது சின்னக் குறை என்பதையும் முதலே எழுதுங்கோ. ஊறிய பின்பலகை, கம்பிரஷன் வித்தியாசம், பதிவுப் பெயர் மாறாட்டம் ஆகியவற்றுக்கு விலைப் பேச்சே இல்லை. நெளிந்த புறொப்பெலர், தண்ணீர்ப் பம்பின் இறப்பர் இறக்கை, மேற்பூச்சு வெடிப்பு எல்லாம் காசால் சரிவரும். அவற்றின் சாமான் விலையையும் கூலியையும் போவதற்கு முன் கடையில் கேட்டு எழுதி வையுங்கோ.

குறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் "இது பெரிய விஷயமில்லை" என்று ஒவ்வொன்றாக மன்னித்துவிடுவோம். அதனால் தாளின் அடியில் கூட்டுத்தொகைக்கு ஒரு வரி விடுங்கோ. அது கேட்ட விலையில் பத்தில் ஒன்றைத் தாண்டினால் வேண்டாம் என்று இன்றைக்கே, மைத்துனரும் நீங்களும் கையெழுத்து வைத்து முடிவெடுங்கோ.