சினோப்ல்: சிவப்பா, பச்சையா?

செம்மண்:
பிரபுக் குடும்பங்களின் அடையாளமான பிரெஞ்சுக் கேடயச் சின்னங்களில் 'சினோப்ல்' என்றால் இன்று பச்சை. ஆனால் சொல் பிறந்தது சிவப்பில். இன்றைய துருக்கியிலுள்ள கப்படோக்கியாவில் வெட்டிய காவிக்கல்லைக் கருங்கடல் ஓரத்துச் சினோப்பே துறைமுகத்தில் விற்றார்கள். வெட்டிய ஊர் மறைந்து விற்ற ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டது. 12ஆம் நூற்றாண்டுக் கவிதையில் வரும் 'சினோப்ல் கேடய'த்தைப் பச்சை என்று மொழிபெயர்ப்பது பிழை.

வேர்ச்சொல்:
12க்கு அது சரி. 15ஆம் நூற்றாண்டு ஏட்டில் சிவப்பு என்று போட்டால் அதுதான் பிழை. மாறியதற்குக் காரணம் ஒலிக்குழப்பம். பச்சைக்கு 'வேர்', நீலமும் வெள்ளையும் மாறி மாறி வரும் அணில்தோல் வடிவத்துக்கும் 'வேர்'. எழுத்துத்தான் வேறு. சின்னத்தை விவரிக்கும் கட்டியக்காரர் வாயால் கேட்டால் எது எது?

செம்மண்:
அது ஊகம். பழைய பிரெஞ்சில் பச்சையின் கடைசி 'ட்' ஒலித்தது. குழப்பம் வந்தது என்றே வைத்துக்கொண்டாலும், பச்சைக்குப் போய்ச் சிவப்பின் பெயரையா எடுப்பார்கள்?

வேர்ச்சொல்:
அந்த 'ட்' பிற்காலத்தில் உதிர்ந்தது. சொல் மாறியதும் பிற்காலத்தில்தான். தவிர, கேடயச் சிவப்புக்கு 'கேல்' என்ற சொல் ஏற்கெனவே ஊன்றிவிட்டது. சினோப்ல் வேலையில்லாமல் கிடந்தது.

சுண்ணச்சாந்து:
இரண்டு பேரும் சுவரை மறந்துவிட்டீர்கள். இத்தாலியில் அதே ஊரின் பெயரில் வந்த 'சினோப்பியா' இன்றும் சிவப்பே. ஈரச்சுவர் ஓவியத்தில் முதலில் சொரசொரப்பான அடிப்பூச்சு. அதன்மேல் காவியைத் தண்ணீரில் குழைத்துத் தூரிகையால் உருவரை. பிறகு ஒரு நாளில் வரைந்து முடிக்கும் அளவுக்கு மட்டும் மெல்லிய மேல்பூச்சு. பூச்சு காய்ந்துவிட்டால் நிறம் பிடிக்காது, உதிரும். அந்த மேல்பூச்சு உருவரையை மூடிவிடும் என்பதால் அது யார் கண்ணிலும் படாது. பீசா நகரின் காம்போசாந்தோ என்ற பழைய கல்லறை வளாகம் 1944 ஜூலை 27 அன்று எறிகணைத் தீயில் சிக்கியது. அதன் சுவரோவியங்களைப் பெயர்த்தெடுத்தபோது அடியில் காவிக்கோடுகள் அப்படியே இருந்தன. அவற்றுக்கென்றே அங்கே அருங்காட்சியகம் இருக்கிறது.

செம்மண்:
நல்ல எடுத்துக்காட்டு. கொத்தன் கையில் கல் இருந்தவரை நிறம் அசையவில்லை. கேடயக்காரனுக்கு வெறும் சொல்தான் மிஞ்சியது, எந்தப் பக்கமும் சாய்ந்திருக்கும். நம் காவியும் கல்லின் பெயர்தான். இன்று துணிக்கடையில் கேட்டால் ஆரஞ்சைத்தான் எடுத்துப் போடுவார்கள். ஒலிக்குழப்பத்தை மட்டும் இன்னும் ஏற்கவில்லை.

வேர்ச்சொல்:
ஏற்க வேண்டாம், காலத்தை மட்டும் பாருங்கள். 17ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தைய கறுப்பு வெள்ளை அச்சுப்படம் என்றால் சொல்லே தேவையில்லை, நிறத்தைக் குறிக்கும் கோடு போதும். செங்குத்துக் கோடு சிவப்பு. பார்ப்பவரின் இடப்பக்க மேல்முனையிலிருந்து வலக்கீழ் நோக்கிச் சரிந்தால் பச்சை. படம் இடவலம் மாறி அச்சானால் அதே சரிவு ஊதாவாகிவிடும். முத்திரை அச்சுகளைப் படிப்பவர்கள் வழக்கமாக வழுக்கும் இடம் இது.