பனிமலைக்குப் போக முதலில் தேட வேண்டியது ஆசானையா, கூட்டாளியையா?

உப்புவெளி_27
எல்லோருக்கும் வணக்கம். வயது 27, திருகோணமலை. சிவனொளிபாதமலைக்கு ஆறு தடவை போயிருக்கிறேன், நக்கிள்ஸ் பக்கம் மூன்று தடவை. இரண்டு வருடத்துக்குள் நேபாளத்தில் ஐலண்ட் பீக் ஏற வேண்டும் என்பது ஆசை. 6189 மீட்டர். பனியைக் கண்ணால் கண்டதில்லை, கயிறு வேலையும் தெரியாது. போன கிழமை முகநூலில் ஒரு கொழும்புப் பொடியன், "நானும் அதற்குத்தான் ஆள் தேடுகிறேன், இரண்டு பேருமாகப் போவோம்" என்று எழுதினான். ஒத்துக்கொள்வதா? இல்லை, முதலில் சொல்லித் தர ஒருவரைத் தேடுவதா?

சீனக்குடா_ரவி
ஒத்துக்கொள் தம்பி. இந்த நாட்டில் பனிமலைக்குப் போக ஆசைப்படுகிற இரண்டு பேர் சந்திப்பதே பெரிய விஷயம். நம்முடைய இலங்கை மலையேறிகள் ஜயந்தி குரு உதும்பாலவும் யொஹான் பீரிஸும் சேர்ந்துதான் ஐலண்ட் பீக் ஏறினார்கள், சேர்ந்துதான் எவரெஸ்டுக்கும் போனார்கள். 2016இல் ஜயந்தி உச்சியைத் தொட்டார், யொஹான் 8400 மீட்டரில் திரும்பினார். இரண்டு வருடம் கழித்து மறுபடி போய் யொஹானும் தொட்டார். கூட ஒருவர் இருந்தால்தான் அந்த ஆசை வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆசானைத் தேடிக்கொண்டே இருந்தால் வயது போய்விடும்.

பனிக்கோடரி
ரவி அண்ணா பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். ஜயந்தி எவரெஸ்டுக்குப் பல வருடம் முன்பே டார்ஜிலிங்கில் உள்ள இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையத்தில் படித்தவர். டென்சிங் நோர்கே பயிற்சி இயக்குநராக இருந்த இடம், 1954இல் தொடங்கியது. அடிப்படைப் பயிற்சி 28 நாள். உத்தரகாசியிலும் அதுபோல ஒன்று உண்டு. தம்பி, நீயும் அந்தப் பொடியனும் பனியாற்றில் ஒரே கயிற்றில் நடக்கிறீர்கள் என்று வை. அவன் பிளவுக்குள் விழுகிறான். அவனுடைய முழுப் பாரமும் உன் இடுப்பில். நீ குப்புற விழுந்து, கோடரியைப் பனியில் குத்திப் பிடித்தபடியே இன்னொரு நங்கூரம் புதைத்து, பாரத்தை அதற்கு மாற்றி, பிறகு அவனை இழுத்து எடுக்க வேண்டும். மூன்றாவது ஆள் இல்லை. இதைக் காணொளி பார்த்துக் கற்க முடியாது. இரண்டு பேருக்கும் தெரியாத ஒன்றை ஒருவர் மற்றவருக்கு எப்படிச் சொல்லித் தருவது?

தண்டையல்_மகன்
பிள்ளைகள் இரண்டு பேரும் சொல்வது விளங்குகிறது. நான் மலைக்காரன் இல்லை, கடற்காரன். ஆனால் கயிறு தெரியும். மன்னாரில் முத்துக் குளித்த காலத்தில், குளிப்பவனுடைய கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்களாம். கயிறு தவறினால் தாலியறுப்பது அவனுடைய சொந்தத் தங்கை. கெட்டிக்காரனா என்று பார்க்கவில்லை, இவன் செத்தால் யாருக்கு நோகும் என்று பார்த்தார்கள். முகநூலில் வந்தவனுக்கு எங்கே நோகப்போகிறது? உறவிலோ சிநேகிதத்திலோ ஒருவனைப் பிடி. கலையைப் பிறகு படிக்கலாம்.

மட்டிக்கழி
பெரியவர் சொல்வதுபோல, அறியாத ஆளோடு கயிறு கட்டக்கூடாது என்பதற்கு மலையிலேயே பழைய உதாரணம் உண்டு. 1865இல் சுவிட்சர்லாந்து எல்லையில் உள்ள மாட்டர்ஹார்ன் சிகரத்தை முதன்முதல் ஏறிய ஏழு பேரும் ஓர் அணியாகப் பழகியவர்கள் இல்லை. ஏறுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்புதான் அடிவாரத்து ஊரான செர்மாட்டில் ஒன்று சேர்ந்தார்கள். ஹடோ என்ற பத்தொன்பது வயதுப் பையனால் முடியுமா என்று அந்த ஏழு பேரில் ஒருவரான விம்பர் கேட்டார். மோன் பிளாங்கை விரைவாக ஏறியவன் என்று கூட வந்த ஹட்சன் உறுதி சொன்னார். இறங்கும்போது வழுக்கியது அந்தப் பையன். ஒரே கயிற்றில் இழுபட்டு நான்கு பேர் செத்துப்போனார்கள்.

சீனக்குடா_ரவி
அதே காரணத்தால்தான் கூட்டாளியை இப்போதே பிடித்துப் பழகச் சொல்கிறேன். மெஸ்னர், ஹபேலர் என்ற இரண்டு மலையேறிகள் 1974இல் சுவிட்சர்லாந்தின் ஐகர் மலை வடமுகத்தைப் பத்து மணி நேரத்தில் ஏறினார்கள். அடுத்த வருடம் 8080 மீட்டர் காஷர்புரும், அவர்கள் இரண்டு பேர் மட்டும். 1978இல் ஒட்சிசன் இல்லாமல் எவரெஸ்ட். பயிற்சி நிலையத்தில் 28 நாள் முடிந்ததும் ஆளுக்கொரு ரயிலில் வீடு திரும்புவார்கள். அதற்குப் பிறகு தம்பி யாரோடு போவான்?

பனிக்கோடரி
ஐயா, உங்கள் மச்சான் கதைக்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும். நேபாளத்துக்கு என்னோடு வந்தது என் சொந்த மச்சான். மாமாவின் மகன். தினமும் விடிய உட்துறைமுக வீதியில் ஓடுகிறவன், என்னை விடப் பலசாலி. இலங்கையின் மிக உயரமான பிதுருதலாகலையே 2524 மீட்டர்தான். 3000 தாண்டினால்தான் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்திப் படுக்காதே, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வெடு என்ற கணக்கே தொடங்குகிறது. அதனால் அந்த உயரத்தில் எங்கள் உடம்பு என்ன செய்யும் என்பது இரண்டு பேருக்குமே தெரியாது. எவரெஸ்ட் போகிற வழியில் உள்ள டிங்போச்சேயில் அவனுக்குத் தலையிடி. சொல்லவில்லை. அதற்கும் மேலே லொபுச்சேயில் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்தான். விரல்கள் நாடாவைச் சுற்றிச் சுற்றிப் போகின்றன, முடிச்சு விழவில்லை. எழுந்து நடந்தபோது குடித்தவன் மாதிரிச் சுவரைப் பிடித்தான். மூளையில் நீர் கோத்துக்கொள்வதன் அடையாளம் அது. அந்த இருட்டிலேயே ஒரு சுமைகாரர் உதவியோடு கீழே இறக்கினோம். தப்பினான். ஏன் மறைத்தாய் என்று பிறகு கேட்டேன். "உன்னுடைய பயணம் என்னால் கெடக்கூடாது என்று நினைத்தேன்" என்றான்.

பாசம் இல்லாததால் வந்த வினை இல்லை இது. பாசத்தால்தான் மறைத்தான். அதற்குப் பிறகுதான் நான் டார்ஜிலிங் போனேன். அங்கே ஒவ்வொரு சிறு அணிக்கும் ஒரு பயிற்சியாளர். காலையில் எப்படித் தூங்கினாய், தலையிடிக்கிறதா, சாப்பாடு இறங்கியதா என்று கேட்பார், உண்மையைச் சொன்னதற்காக யாரும் வெட்கப்பட்டதில்லை. ரவி அண்ணா, நான் இப்போது கயிறு கட்டுகிற இரண்டு பேரும் அந்த அணியில் கிடைத்தவர்கள்தான். ரயில் ஏறியதோடு முடியவில்லை.

தண்டையல்_மகன்
மகள், இரண்டு தடவை வாசித்தேன். முத்துக் குளிப்பில் இன்னொன்றும் உண்டு, அதை நான் சொல்ல விட்டுவிட்டேன். கீழே இருப்பவன் கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவன் உடனே இழுக்க வேண்டும். ஏன், இன்னும் கொஞ்சம் இரேன் என்று கேட்கிற பேச்சே கிடையாது. உன் மச்சான் கயிற்றை அசைக்கவில்லை. ஆனாலும் ஆசான் என்று ஒருவரைக் காசு கட்டிப் பெறலாம் என்பதில் எனக்கு இன்னும் முழு ஒப்புதல் இல்லை. நான் கடல் படித்தது மூன்று வருடம் அப்பாவின் வள்ளத்தில் தண்ணீர் இறைத்து.

பனிக்கோடரி
அதற்கும் வழி இருக்கிறது ஐயா. தம்பி, ஏற்கெனவே போய் வந்தவர்கள் சின்னப் பயணம் போகும்போது சுமை தூக்க, சமைக்கக் கூடப் போ. "எனக்கு ஆசானாக இருங்கள்" என்று முன்பின் தெரியாதவரிடம் கேட்டால் யாரும் பயப்படுவார்கள். "உங்கள் அடுத்த நடைக்கு வரலாமா" என்று கேட்டால் மறுக்கமாட்டார்கள். கொழும்புப் பொடியனையும் விரட்ட வேண்டாம். யாத்திரைப் பருவம் முடிந்த பிறகு, விளக்கும் கடையும் இல்லாத ஒரு மழை இரவில் அவனோடு சிவனொளிபாதமலை ஏறிப் பார். களைத்தால் சொல்கிறானா என்று பார், நீயும் சொல்கிறாயா என்று பார்.

உப்புவெளி_27
அக்கா, ஐயா, அண்ணா, நன்றி. அவனுக்கு நேற்று இரவே எழுதினேன். அடுத்த வெள்ளி சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணியில் சந்திக்கிறோம், ஆளுக்குப் பன்னிரண்டு கிலோ சுமை. எங்கேயாவது பாதியில் திரும்பி வந்திருக்கிறாயா என்று கேட்டேன். நக்கிள்ஸில் ஒரு தடவை, மழைக்கு, உச்சிக்கு அரை மணி நேரம் இருக்கும்போது என்றான். டார்ஜிலிங் விண்ணப்பம் பற்றி அக்காவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.