காலாவதி தேதியைக் கவனிக்க நல்ல ஆப் இருந்தால் சொல்லுங்கள்

வணக்கம். போன வாரம் மருந்துப் பெட்டியைக் கிளறியபோது ஒரு கண் சொட்டு மருந்து கிடைத்தது. அட்டையில் போட்ட தேதிக்கு இன்னும் 7 மாதம் இருக்கிறது. ஆனால் மூடியை எப்போது திறந்தோம் என்று வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை. பெரும்பாலான கண் சொட்டு மருந்துகளைத் திறந்து 4 வாரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. வேறென்ன செய்ய, குப்பைக்குத்தான் போனது.

அதற்கப்புறம் இரண்டு ஆப் போட்டுப் பார்த்தேன். பார்கோடை ஸ்கேன் செய்தால் பொருளின் பெயர் வருகிறது, தேதி வருவதில்லை. சாதாரணக் கோடு போட்ட பார்கோடில் பொருளின் எண் மட்டும்தான் இருக்குமாம், எனக்கு இப்போதுதான் உறைத்தது. கேமராவால் தேதியைப் படிக்கும் வசதியும் இருந்தது. டியூபின் மடிப்பில் மையில்லாமல் அழுத்தி அச்சிட்டிருக்கும் தேதி, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் எனக்கே அரைகுறையாகத்தான் தெரிகிறது. பாவம், அது என்ன செய்யும்!

கையால் பதிவதற்கு நான் தயார். ஆனால் ‘திறந்த நாள்’ என்று தனியாக ஓர் இடம் வேண்டும். கிரீம் டப்பாவின் அடியில் திறந்த மூடி படத்துக்குள் ‘12எம்’ என்று இருக்குமே, திறந்து 12 மாதம் என்று பொருள். அதை ஆப்பே கணக்கிட்டு ஒரு மாதம் முன்பே நினைவூட்ட வேண்டும். வீட்டில் நான்கு பேரும் ஒரே பட்டியலைப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

ஆறு மாதமாவது விடாமல் பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள். எக்செல் வேண்டாம், இரண்டு முறை தொடங்கி இரண்டு முறையும் மறந்தாயிற்று.