புதுப்பிப்பு: எஸ்சிடாலோபிராம் ஒத்துவரவில்லை, எதற்கு மாறலாம்?

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மனச்சோர்வுக்கு எஸ்சிடாலோபிராம் எடுத்தும் தூக்கமும் பசியும் திரும்பவில்லை, பாலுறவில் நாட்டமும் போய்விட்டது என்று எழுதியிருந்தேன்.

2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த மனச்சோர்வு மருந்துகளின் ஒப்பீட்டைப் படிக்கச் சொன்னவர் சொன்னது சரி. 522 ஆய்வுகள், 21 மருந்துகள். எல்லாமே மருந்தில்லாத போலி மாத்திரையைவிட மேல். ஆனால் தங்களுக்குள் வித்தியாசம் அப்படியொன்றும் பெரிதில்லை. அதுவும் பெரும்பாலும் 8 வாரம் எடுத்த பிறகு பார்த்த கணக்குதான். அதனால் "எது சிறந்தது" என்பதை விட்டுவிட்டு, எந்தப் பக்கவிளைவை என்னால் தாங்க முடியும் என்று மருத்துவரிடம் பேசினேன்.

கைகொடுத்தது, மிர்டசாபின் என்ற வேறொரு மனச்சோர்வு மருந்துக்கு மாறச் சொன்ன யோசனை. மருத்துவர் பழையதைப் படிப்படியாகக் குறைத்து, இதை இரவில் தொடங்கினார். தூக்கம் முதலில் வந்தது, பசி அடுத்து. மனநிலை தேறச் சில வாரங்கள் ஆயின. நாட்டமும் திரும்பியது.

பியூப்ரோபியான் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்தைச் சொன்னவருக்கு: எனக்கு முன்பு வலிப்பு வந்திருப்பதால் அது வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

எதிர்பாராதவை: எடை நன்றாகவே ஏறியது. பழையதைக் குறைக்கும்போது தலைக்குள் மின்சாரம் வெட்டுவதுபோல் இருந்தது. குறைக்கும் வேகத்தை மருத்துவர் தளர்த்தியதும் நின்றது. அப்புறம், மிர்டசாபின் அளவைக் கூட்டியதும் பகல் தூக்கக் கலக்கம் குறைந்தது. குறைந்த அளவில்தான் தூக்கம் அதிகம் வருமாம்.