பி பிளாக் கொலு வேலைக் குழு

ரேவதி: சனிக்கிழமை தோரண வேலைக்கு ஃபெல்ட் துணி, சாட்டின் ரிப்பன், பசையை உருக்கி ஒட்டும் க்ளூ கன் எல்லாம் வந்தாச்சு. விரலுக்கு என்ன போட்டுக்கொள்வது? வீட்டில் காட்டன் கிளவுஸ் இருக்கிறது.

கவிதா: காட்டன் வேண்டாம் அக்கா. சூடான பசை துணியில் ஊறித் தோலோடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும், சட்டென்று கழற்ற முடியாது. சிலிகான் விரல் உறை வாங்குங்கள். கட்டை விரலுக்கும் அடுத்த இரண்டு விரல்களுக்கும் இருந்தால் போதும். பசை அதில் பிடிக்காது, ஆறியதும் உரிந்து வந்துவிடும்.

மாலா: ஆஸ்பத்திரி கிளவுஸ் ஒரு பெட்டி இருக்கிறதே?

கவிதா: ஃபேப்ரிக் க்ளூவுக்குச் சரி, கை பிசுபிசுக்காது. கன்னுக்கு ஆகாது, சூடு அப்படியே இறங்கும்.

சுந்தரம் மாமா: விரல் ஏன் பசைப் பக்கம் போகிறது? ஐஸ்கிரீம் குச்சியால் அழுத்துங்கள்.

கவிதா: குச்சியும் ஒட்டிக்கொள்ளுமே மாமா. நடுவில் பட்டர் பேப்பர் வைத்தால் சரி. ரிப்பனில்தான் கவனம் வேண்டும். பசை வைத்து மேலே விரலால் அழுத்தினால், நெசவு வழியாகக் கசிந்து விரல் நுனியில் வந்து நிற்கும். பெரும்பாலும் சுடுவது அப்படித்தான்.

ரேவதி: கன்னில் சூட்டைக் குறைக்க வழி இருக்கிறதா?

கவிதா: குறைந்த சூட்டுக் கன் தனியாக வருகிறது, 120 டிகிரி பக்கம். மற்றது 190 வரை போகும். ஃபெல்ட்டுக்கும் ரிப்பனுக்கும் குறைந்த சூட்டுக் கன்னே போதும். அதிகச் சூட்டில் சாட்டின் சுருங்கிவிடும்.

பானு: முத்து, கண்ணாடிக் கல் ஒட்ட சூப்பர் க்ளூ கொண்டு வரட்டுமா?

கவிதா: கொண்டு வாருங்கள், ஆனால் பருத்தித் துணியிலும் பஞ்சிலும் படக் கூடாது. பட்டால் சூடேறிப் புகையே வரும். கையில் சொட்டினால் பஞ்சால் துடைக்காதீர்கள். விரல்கள் ஒட்டிக்கொண்டால் இழுக்க வேண்டாம், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவிட்டு மெல்லப் பிரியுங்கள். அசிட்டோன் உள்ள நெயில் பாலிஷ் ரிமூவரும் உதவும். முத்தை ட்வீசரால் பிடியுங்கள், நகத்தால் வேண்டாம்.

சுந்தரம் மாமா: கொலுப் படித் துணிக்கு லேஸ் கையால்தானே தைக்கிறீர்கள்? கடையில் திம்பிள், அதாவது ஊசி குத்தாமல் விரலில் மாட்டும் உறை, கேட்டால் மூடி போட்டதைக் கொடுப்பார்கள். நாங்கள் தையல் கடையில் வைத்திருந்தது மேலே திறந்தது. நடுவிரலில் போட்டு, நுனியால் இல்லாமல் பக்கவாட்டால் ஊசியைத் தள்ளுவோம். தடித்த துணியில் ஊசி சிக்கினால் பலூன் துண்டால் பிடித்து இழுங்கள், வழுக்காது.

மாலா: பலூனா! பேரன் பிறந்த நாளில் மிஞ்சியது ஒரு பை நிறைய இருக்கிறது 😄

பானு: குண்டூசிக்குப் பதில் என்னிடம் துணி கிளிப் இருக்கிறது, கொண்டு வருகிறேன்.

ரேவதி: சுட்டுவிட்டால் என்ன செய்வது? அம்மா இட்லி மாவு தடவச் சொல்கிறார்.

கவிதா: மாவு இட்லிக்கே இருக்கட்டும் 😀 பேஸ்ட், இங்க், ஐஸ் எதுவும் வேண்டாம். உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். ஒட்டிய பசையைப் பிய்த்தால் தோலும் வரும், தானாக விட்டால் எடுக்கலாம். பெரிதாகக் கொப்பளித்தால் டாக்டரிடம் போய்விட வேண்டும்.

சுந்தரம் மாமா: அப்படியென்றால் ஹால் வேண்டாம், குழாய் பக்கத்தில் இருக்கிற கீழ்த்தள அறையில் உட்காருங்கள். சாவி என்னிடம்தான் இருக்கிறது.

ரேவதி: சரி மாமா. சிலிகான் உறை ஆறு செட் ஆர்டர் போட்டுவிட்டேன். பிள்ளைகளுக்கு ஃபேப்ரிக் க்ளூவும் பிரஷ்ஷும் மட்டும்தான், கன் பெரியவர்கள் கையில். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் யார் கொண்டு வருகிறீர்கள்?

மாலா: நான். வயர் காலில் தட்டாமல் மேசையைச் சுவரோரமாகப் போட்டுவிடுங்கள்.